நரம்புக்குக் கங்காணி வேண்டா

தேனி, மருத்துவமனைக் கட்டில் எண் 9,
செவ்வாய் மாலை.

ஏலத்தோட்டத்தில் நாற்பது பேரை ஆளும் கங்காணியாம் என் அருமை மைத்துனர் ஈஸ்வரபாண்டிக்கு, உங்கள் அக்காள் கணவன் நல்லகண்ணு வரைவது. இவண், என் கழுத்து நீங்கலாக, யாவரும் நலம். அவண் உங்கள் நலமும் ஏலச்செடிகளின் நலமும் ஓங்குக.

வியாழனன்று என் கேடயச் சுரப்பிக் கட்டியை, அதாவது தைராய்டுக் கட்டியை, அறுத்தெடுக்கிறார்கள். அதன் முதுகை ஒட்டியே குரல் நரம்பு ஓடுகிறது. தேனியில் இறங்க வேண்டியவன் உறங்கிப்போய்ச் சின்னமனூர் வரை சென்று திரும்புவதைப் போல, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, மீண்டும் தொண்டைக்கே ஏறும் நரம்பு அது! அதற்கு ஊறு நேர்ந்தால், நாற்பதாண்டு மேடைகளில் முழங்கிய என் குரல் வெறுங்காற்றாகிவிடும். "நெர்வ் மானிட்டர் வச்சுத்தேன் பண்றோம், பயப்படாதீக" என்றார் மருத்துவர் நிலோபர். அயற்சொல்லை வீட்டுக்குள் விடாத நான், உமாதேவியிடம் அதை "நரம்புக் கண்காணி" எனத் தமிழாக்கினேன். பிழை அங்கே பிறந்தது. "கங்காணியா? எந்தம்பி இருக்கையில வெளியாளு எதுக்கு?" என்று உங்களை அழைத்துவிட்டாள். நீங்களும் "நாப்பது ஆள மேய்க்கிறவன் ஒத்த நரம்பப் பாத்துக்கிற மாட்டனாக்கா?" என்று விடுப்பெடுத்தீர்களாம். அதோடு விட்டாளா? மருத்துவரிடமே போய், "கங்காணிக்கு மதியச் சோறு நாங்க கொண்டாரவா, இங்கனயே குடுத்துருவாகளா?" என்று கேட்டாள்.

கண்காணி ஆளன்று, ஐயா, கருவி! நரம்பைக் கம்பியால் தொட்டதும் அது கூவும். இங்கே வெட்டாதே என்று பொருள். என் குரலையும் சோதித்தாயிற்று. செவிலி எப்சிபா "ஈ சொல்லுங்கய்யா" என்றாள். "நெடில் அளவா, அளபெடையா?" என்றேன். "மூச்சு முடியுற வரைக்கும்." இருபத்திரண்டு நொடி இழுத்தேன். "மேடையிலயும் இப்பிடித்தேன் நிப்பாட்ட மாட்டீகளோ?" என்கிறாள்!

ஆகவே, நான் அஞ்சவில்லை. நீங்கள் வர வேண்டா.

ஏலம் குலுங்கக் காய்த்திட, அட்டைகள் உம் கால் அணுகாதிருக்க வாழ்த்தும்,
நல்லகண்ணு

பிற்குறிப்பு: மடலை மடித்தபின் மருத்துவர் வந்தார். கருவி எச்சரிக்குமேயன்றி உறுதி தராதாம். "எதுக்கும் ஒங்க குரலப் போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க" என்றார். உமா போனை நீட்டினாள். நாற்பதாண்டு பேசிய வாய். "உமா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. உள்ள விட மாட்டாக, மாப்ள. கதவுக்கு வெளியவாச்சும் நில்லு. இதக் கொண்டார்ற ஜீப்புலயே ஏறி வந்துரு.