வியாழக்கிழமைப் புகை

கதவுக் கைப்பிடியில் தொங்கிய பச்சை அட்டையை செஸ்டர் ஹுடாக் மறுபடி மறுபடி படித்தார். எத்தனை முறை படித்தாலும் அது மாறுவதாக இல்லை. வியாழக்கிழமை காலை டவுன் கவுன்சில் ஆட்கள் தெருச் சாக்கடைக்குள் புகை விடுவார்கள். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை யாராவது திருட்டுத்தனமாகச் சாக்கடையில் சேர்த்திருந்தால், புகை அது வழியாக ஏறி அவர்கள் வீட்டுக் கூரையில் எழும். ஊரே பார்க்கும்.

கீழே கையெழுத்து: பெர்னடின் ஹுடாக், சாக்கடைக் குழுத் தலைவி. செஸ்டரின் மனைவி.

மழைத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்று ஐந்து வருடம் முன்பு தீர்மானம் போட்டவளே அவள்தான். முதலில் நம் வீட்டுக் குழாயை அறுத்து விடு என்று செஸ்டரிடம் சொன்னாள். அன்று பார்த்து அவருக்குப் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் போட்டி. சாயங்காலம் அவள் கேட்டபோது, "அதெல்லாம் முடிச்சாச்சு" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன கையோடு நாலு நாள் மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பிவிட்டார். குழாய் இன்றைக்கும் பழைய மண் குழாய்க்குள்தான் இறங்குகிறது. முன்னால் ஒரு லைலாக் புதர் நிற்பதால் மானம் தப்பியிருந்தது.

அவளோ கூட்டத்துக்குக் கூட்டம், "எங்க வீட்டுல என் வீட்டுக்காரரே தன் கையால செஞ்சார்" என்று பேசிவந்தாள். அடுத்த மாதம் தேர்தல் வேறு. புகை வந்தால் அவள் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பாள்?

திங்கட்கிழமை அவள் வெளியே போனதும் குழாயை அறுத்தார். மண் குழாயின் வாயில் தன் கம்பளிக் காலுறைகளைத் திணித்து சிமென்ட்டும் பூசினார். அன்றே மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் மொத்தமும் சுவரோரம் கொட்டி, ஜன்னல் வழியே நிலவறைக்குள் இறங்கியது. அங்கே அடுக்கியிருந்த இருநூறு தேர்தல் அட்டைகள் ஊறி உப்பிப்போயின.

செவ்வாய்க்கிழமை பத்தடி நெளிகுழாய் வாங்கி மாட்டினார். தண்ணீர் நேராகப் பக்கத்து வீட்டு திருமதி வுகோவிச்சின் அத்திமரத்தடியில் போய் நின்றது. அந்த அம்மாள் வேலியோரம் வந்தாள்.

"ஏம்பா செஸ்டர், இதை நிறுத்துறியா, இல்ல கவுன்சில்ல புகார் குடுக்கட்டுமா?"

"கவுன்சில்ல யார்கிட்ட?"

"உன் பொண்டாட்டிகிட்டதான்."

புதன்கிழமை மண்வெட்டியோடு இறங்கினார். பின்பக்கமாக வாய்க்கால் வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கணக்குப் போட்டார். இரண்டடி தோண்டியதும் ஜல்லி வந்தது. அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. அதற்கும் அடியில், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம். முன்பு குடியிருந்தவன் குப்பையைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாசமாய்ப் போக, என்று திட்டியபடி அதையும் பெயர்த்துப் புல்மேல் உருட்டிவிட்டார். முதுகு விட்டுப்போயிற்று. மத்தியான மழையில் பள்ளம் குளமாகி, சுவர் வழியே கசிந்து, நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஹீட்டரும் அணைந்துபோனது.

சாயங்காலம் களைத்து வந்த பெர்னடின் அவர் சேற்றுக் கால்சட்டையைப் பார்த்தாள். ரோஜா நடுகிறேன் என்றார். சரி என்றாள். முட்டைக்கோஸ் நூடுல்ஸைப் பரிமாறிக்கொண்டே, "நாளைக்கு எல்லாரையும் நம்ம வாசல்லதான் நிக்க வைக்கப்போறேன், செஸ்டர். நம்ம கூரையில புகை வராதுன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நூடுல்ஸ்தான் உள்ளே போனது.

வியாழக்கிழமை இயந்திரம் உறுமியது. எதிர்வீட்டுக் கூரையில் வெள்ளையாகப் புகை எழுந்தது. மூலை வீட்டிலும் எழுந்தது. திருமதி வுகோவிச் வீட்டில் குபுகுபுவென்று வந்ததும் கூட்டம் சிரித்தது. செஸ்டர் தன் கூரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புகை வரவில்லை. ஒரு இழைகூட வரவில்லை. கூட்டம் கைதட்டியது. பெர்னடின் அவர் தோளைத் தட்டிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். செஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. நிலவறை போனால் போகட்டும், ஹீட்டர் போனால் போகட்டும், அவள் பேர் பிழைத்தது. எல்லாம் தான் மூன்று நாள் பட்ட பாட்டினால்தான் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குறிப்பு எழுதியபடி வீட்டைச் சுற்றிவந்த புகை இயந்திரக்காரர் எர்ல், புல்மேல் கிடந்த டிரம்மைக் கண்டு நின்றுவிட்டார்.

"இதை ஏன் சார் பிடுங்கிப் போட்டீங்க? அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க ஏரிக்குப் போயிருந்தப்ப, உங்க குழாயைச் சாக்கடையிலேர்ந்து வெட்டி, இதுல தண்ணி இறங்குற மாதிரி நாங்கதான் புதைச்சோம்; நீங்களே செஞ்சு முடிச்சதா சொல்லியிருந்தீங்களாமே, பாவம் அவர் மனசு நோகக்கூடாதுன்னு மேடம்தான் எங்களை வாயே திறக்கவிடல."