கத்தியும் கையுமாக ஒரு ஜெபம்

பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கப் போகும் பிள்ளைகளே, கைதட்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணிக்கணக்கில் காத்திருப்பதை எதிர்பாருங்கள். திட்டு வாங்குவதையும், வாடகை உடுப்பில் யாரோ ஒருவருடைய வேர்வை நாற்றத்தையும் எதிர்பாருங்கள். முக்கியமாக, ஒத்திகையில் என்ன பழகுகிறதோ அது மேடைக்கும் கூடவே வந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு திமிர்.)

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளியில் படித்தேன். என் முகவாகு அப்படி, வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் என்னைச் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, அட்டைச் சிறகு கட்டி நிறுத்திவிடுவார்கள். வசனம் கிடையாது. சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். மீசை அரும்பிய பிறகும் சிறகு கட்டினார்கள் என்றால் என் வயிற்றெரிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவராவது என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று ஏங்கினேன்.

எங்கள் தமிழ்ப் பண்டிதர் மயிலாப்பூர்க்காரர். சொந்தமாக ஒரு ராஜா நாடகம் எழுதி, குட்டி இளவரசனைக் கொல்ல வரும் தளபதி வேஷத்தை எனக்குக் கொடுத்தார். (முதலில் அந்த வேஷம் கிடைத்த பையனுக்கு அம்மை போட்டிருந்தது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.)

தினமும் சாயங்காலம் ஒத்திகை.

"ஏண்டா அம்பி, கொலை பண்ண வந்திருக்கியா, தாம்பூலம் வாங்கிக்க வந்திருக்கியா? முழியை உருட்டுடா!"

உருட்டினேன்.

"போறும், போறும். வயத்து வலின்னு நெனச்சுக்கப் போறா."

நான் கத்தியை ஓங்கும் கட்டம் வரும்போது மணி ஆறாகிவிடும். கோயிலில் திரிகால ஜெபத்துக்கு மணி அடிக்கும். அடித்துவிட்டால், எங்கள் சனம் இருந்த இடத்திலேயே மண்டியிட்டு, சிலுவை போட்டு, ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். நானும், இளவரசனாக நடித்த அருளும் மண்டியிடுவோம். பண்டிதர் நாமம் போட்டவர்தான். ஆனாலும் மரியாதைக்குக் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார். முடிந்ததும், "ம், இப்போ கொல்லு" என்பார். கொல்வேன். ஒன்றரை மாதம் இப்படியேதான் கொன்றேன்.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்ததால், விளக்கு ஏற்றும் முன்பே முடித்துவிடலாம் என்று நாடகத்தை நாலு மணிக்கு வைத்திருந்தார்கள். தலைமை தாங்க வந்த பெரிய மனிதர் தாமதமாக வந்தார். வந்த பிறகு பேசவும் பேசினார்.

கொட்டகை நிறையக் கூட்டம். முன்னால் தரையில் நொச்சிக்குப்பத்து ஜனங்கள். நான் கரி மீசையோடு உள்ளே வந்து கத்தியை உருவினேன். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் நாலு குழந்தைகளையாவது அழவைக்கும் ஆசையோடு கத்தியை ஓங்கினேன்.

மணி அடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. தொப்பென்று மண்டியிட்டு, கத்தி பிடித்த கையாலேயே சிலுவை போட்டேன். சாகக் கிடந்த இளவரசனும் எழுந்து வந்து என் பக்கத்தில் மண்டியிட்டான். திரைக்குப் பின்னாலிருந்து அதட்ட வேண்டிய பண்டிதரைப் பார்த்தால், அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்!

குப்பத்து அம்மாள் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, குத்தப் போறியா, கும்புடப் போறியா? சீக்கிரம் சொல்லு, வூட்ல வேலை கீது!"

அதோடு விட்டேனா? ஜெபத்தை முடித்து எழுந்து, "இரக்கம் என்பதே எனக்குக் கிடையாது!" என்று வசனத்தை முழங்கினேன். கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. அழுத குழந்தைகூடச் சிரித்தது. அருள் செத்த பிறகும் வயிறு குலுங்கக் கிடந்தான். எனக்கு நிஜமாகவே அழுகை வந்து, கரி மீசை கரைந்து வாய்க்குள் போனது.

"நான் எழுதினது சோக நாடகம்டா" என்றார் பண்டிதர்.

அன்றைய கூட்டத்தில் மந்தைவெளியிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பெரியவரும் வந்திருந்தாராம். பல வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தியைத் தூக்கின நேரத்துலயும் ஜெபத்தை விடாத பையன் நீதானே?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு விசாரிக்காமலே பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அவர் நம்பிக் கொடுத்தது சரி. அந்தக் கதையையும் சேர்த்துச் சீதனமாகக் கொடுத்ததுதான் வினை. இன்றைக்கும் நான் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தினால், என் மனைவி பிள்ளைகளிடம் சாவதானமாகச் சொல்வாள்: "பயப்படாதீங்க, அப்பா இப்ப முழங்கால் போட்டுருவாரு."

சின்னவன் உடனே ஓடிப்போய், எனக்கு முட்டி வலிக்காமல் இருக்க ஒரு தலையணையைக் கொண்டுவந்து போடுவான்.