முப்பது கிலோ கறி காணாமல் போன நிச்சயதார்த்தம்

ஒரு நேர்மையான சமையல்காரரைத் திருடன் என்று ஊரே பேசும்படி செய்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான், வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு, திருடுபோன பொருளைத் தேடிய கூட்டத்தோடு சேர்ந்து நானும் மும்முரமாகத் தேடினேன்.

அப்போது நான் நிலக்கோட்டைச் சாலையில் இருந்த ஓர் ஆலையில் சுத்திகரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பப்பாளிப் பாலிலிருந்து நொதி பிரிக்கும் ஆலை அது. காலையில் தோட்டங்களில் பச்சைக் காயைக் கீறிப் பால் எடுத்து அனுப்புவார்கள். எங்களுக்கு வேண்டியது அதில் புரதத்தை வெட்டித் துண்டாக்குகிற ஒரு மூலக்கூறு மட்டும்தான். பாலைக் கரைத்து வடிகட்டி, உப்பைச் சேர்த்தால் வேண்டிய பொருள் தயிர்போலத் திரண்டு படியும். அதைச் சுழற்றிப் பிரித்து, மெல்லிய சவ்வு வழியே உப்பை வெளியேற்றி, குளிரில் உலர்த்தினால் வெள்ளைப் பொடி கிடைக்கும். அதைக் கரைத்து ஒரு துளியை மாட்டுப் பாலில் விட்டு, எத்தனை நொடியில் திரிகிறது என்று பார்ப்போம். வருடா வருடம் நொடிகள் குறைந்தன, என் தலைக்கனம் ஏறியது. அந்தப் பொடியின் மாதிரிப் புட்டி ஒன்றை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். (மற்றவர்கள் பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவார்கள்.)

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் மகளுக்குச் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். சமையல் மரியசெல்வம். அவர் பிரியாணி என்றால் நிச்சயதார்த்தத்துக்கு வராத சொந்தமும் வரும். அன்று வந்த கறி மட்டும் முத்தல். மாப்பிள்ளை வீட்டார் கன்னிவாடியிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தபோது கறி பாதிகூட வேகவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் சார்," என்றார் மரியசெல்வம். "ஒரு பப்பாளிக்காய் இருந்தா நாலு துண்டு போட்டு வேக வச்சிரலாம். இப்ப எங்கன போயி தேட?"

என்னிடம் போய்ப் பப்பாளிக்காயா? காயில் இருக்கிற குப்பையையெல்லாம் நீக்குவதற்கே என் ஆயுளைச் செலவழித்திருக்கிறேன். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்து புட்டியோடு திரும்பினேன். அவர் அரிசி களையப் போயிருந்தார். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி என்று தூவிக் கிளறிவிட்டேன்.

அந்த அளவு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சுத்தம் செய்யாத பழுப்புப் பொடிக்குக் கற்றுக்கொண்டது. நடுவில் அதைப் பல மடங்கு வீரியமாக்கியதற்காக எனக்குப் பொன்னாடை எல்லாம் போர்த்தினார்கள். பொன்னாடை ஞாபகம் இருந்தது, வீரியம் மறந்துவிட்டது. விறகு அடுப்பின் இளஞ்சூடு வேறு அந்த நொதிக்குத் தோதான சூடு.

அரிசியைப் போடும்போது மரியசெல்வம் கரண்டியை நிறுத்தினார். "என்னமோ கூழு மாதிரி இருக்கு சார்."

"நல்லா வெந்துருக்கு, தம் போடுங்க," என்றேன்.

முதல் பந்தியில் சாதம் வந்தது, மணம் வந்தது, எலும்பும் வந்தது. வெள்ளை வெளேரென்று, பல் தேய்த்துவிட்டு வந்ததுபோன்ற எலும்பு. மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, ஆடு பட்டினி கெடந்து செத்துச்சா?"

பக்கத்து இலைக்காரர், "எனக்கும் இதேதான். யாரோ சாப்ட்டுப் போட்டதப் பொறுக்கி வச்சிருக்காய்ங்க," என்றார். இலை இலையாக அந்தப் பேச்சு நகர்ந்து கடைசி வரிசைக்குப் போனபோது தீர்ப்பாகிவிட்டது: முப்பது கிலோ கறியைச் சமையல்காரர் ஒதுக்கிவிட்டார்.

"மாதா சத்தியமா ஒரு துண்டு தொடல," என்றார் மரியசெல்வம்.

அவருடைய வேனைத் திறந்தார்கள். இரண்டு கூடை வெங்காயமும் அவர் மாற்றிக்கொள்ள வைத்திருந்த சட்டையும் இருந்தன. நான் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தேன். (டயருக்கு அடியில் முப்பது கிலோ கறி இருக்காது என்பது வேதியியல் படிக்காதவருக்கும் தெரியும்.) அவர் என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்க சார், அடுப்படியிலதான நின்னீங்க," என்றார். நான் டயரை இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்தத் தையில் அவருக்கு ஒரு கல்யாணமும் வரவில்லை. மறு வருடம் யாரோ ஒருவருடைய சமையல் குழுவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என் தொண்டையில் பிரியாணி இறங்கவில்லை. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்கு ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அன்று முதல் பந்தியில் சாப்பிட்டவர்.

"அது நீங்களா," என்றார். "ஜெபமாலையெல்லாம் அப்புறம். மொதல்ல அவருகிட்ட போங்க."

போனேன், சொன்னேன். மரியசெல்வம் நம்பவில்லை. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார். பொடியப் போட்டா கறி காணாமப் போயிருமா?" மறுநாள் ஒரு கிலோ கறியும் புட்டியுமாகப் போய் அவர் அடுப்பிலேயே செய்துகாட்டினேன். கறி கண்ணெதிரில் குழைந்து கரைந்தது. அவர் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயரத் தூக்குனப்பவே தெரியும், இல்ல?"

"தெரியும்."

வேலை வாங்கித் தருகிறேன், பங்குக் கூட்டத்தில் கடிதம் வாசிக்கிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். "அந்த நிச்சயதார்த்தப் பொண்ணோட புள்ளைக்கு ஞானஸ்நான விருந்து வருதுல்ல? நான் சமைக்கிறேன். நீங்க வெஞ்சன வாளியத் தூக்கிட்டு வாங்க. அன்னைக்கு இலை இலையாத்தான என்னையப் பேசுனாங்க? நீங்களும் இலை இலையாச் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து வெஞ்சன வாளியிலிருந்து கூட்டு வைத்து, "அன்னைக்குக் கறியக் கரைச்சது நான்தான், மரியசெல்வம் இல்ல," என்றேன். ஒருவர் எச்சில் கையால் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். ஒரு பெரியவர், "அத விடுங்க, இன்னைக்கு கரையாத பீஸா ரெண்டு வைக்கச் சொல்லுங்க," என்றார். மரியசெல்வம் பின்னாலேயே கறி வாளியோடு வந்தார். நான் எங்கே முணுமுணுத்தேனோ அங்கே நின்று, "கேக்கல சார்," என்றார். மூன்று பந்தி.

சவரிமுத்துவின் இலைக்கு வந்தபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்னை விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "இம்புட்டு வருசம் இவர்கூட எப்படிக் கரையாம இருந்தீங்க?"

"நான் முத்தல்," என்றாள் ஸ்டெல்லா.

சவரிமுத்து எழுந்து, இலையைத் தாண்டி வந்து, மரியசெல்வத்தைக் கும்பிட்டார். அடுத்த மாதமே தம்முடைய இன்னொரு மகன் கல்யாணத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார். பழைய வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மன்னித்துவிட்டேன் என்று மரியசெல்வம் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் எங்கள் குடும்ப விருந்துகளில் ஃபாதர் ஜெபம் முடித்த பிறகும் யாரும் இலையில் கை வைப்பதில்லை. "மாமா இன்னும் சொல்லலையே," என்று ஏதாவது ஒரு வரிசையிலிருந்து குரல் வரும். நான் எழுந்து நின்று அதே வாக்கியத்தைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் மரியசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பார். அதற்கப்புறம்தான் மூடியைத் திறப்பார்.