பற்றரிக் காவலர்

வாசகப் பெருமக்களே, படுக்கையும் அடுப்பும் வைத்த காம்பர் வண்டிகள் நிற்கும் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அங்கே ஒரு மனிதரைக் காண்பீர்கள். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வண்டிக்குள்ளே சுவரில் ஒளிரும் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் பற்றரிக் காவலர். பற்றரியை நிரப்புவதற்கென்றே பிறந்தவர். அதைப் பாவிப்பதற்கு மட்டும் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, ஒரேத்தோப் பகுதியில் வசிக்கும் ஏர்னஸ்ற். பழைய காம்பர் ஒன்றை வாங்கி, அதன் கூரையில் சூரியத் தகடுகளைப் பூட்டி, அதுவும் போதாதென்று ஜெனரேற்றர் ஒன்றையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். காலையில் கொஞ்ச நேரம் ஜெனரேற்றரைப் போட்டால் போதும், மிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்று விற்றவன் சொல்லித்தான் கொடுத்தான். ஏர்னஸ்ற் கேட்பாரா? சொந்த மைத்துனனிடமே கார்ச் சாவியைக் கொடுக்காதவர், சூரியனை எப்படி நம்புவார்?

மொண்டெல்லோக் கடற்கரைக்கு அப்பால், மற்ற வண்டிகளெல்லாம் பைன் மர நிழலில் சுகமாகப் படுத்திருக்க, அவருடைய வண்டி மட்டும் வெட்டவெளியில் வறுபடும். தகட்டுக்கு வெயில் வேண்டுமே! உள்ளே மனைவி றோசமலரும் மகள் சுஜானியும் சேர்ந்து வறுபடுவார்கள். மின்விசிறியா? அது பற்றரியைத் தின்றுவிடும். ஆகவே வண்டியின் நிழல் நகர நகர, அந்தக் குடும்பத்தின் கதிரைகளும் நகரும்.

அன்று சனிக்கிழமை. மன்னாரில் றோசமலரின் ஒரே தம்பி சுரேசுக்குக் கலியாணம். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடக்க, போக முடியாமற்போயிற்று. அவன் தாலி கட்டுவதைக் கைபேசியிலாவது பார்க்கவேண்டும். கைபேசியோ கடைசி மூச்சில்.

"இஞ்சேருங்கோ, போனை ஒருக்காச் சார்ச்சிலை குத்தி விடுங்கோ. பொம்பிளை கோயிலுக்கை வந்திட்டாள்."

"பொறுமப்பா. இப்பதான் தொண்ணூற்றேழு. நூறு வந்தோண்ணை குத்துவம்."

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தது. எண் அசையவில்லை. ஏர்னஸ்ற் ஓடிப்போய் ஜெனரேற்றரைக் கிளப்பினார். கடற்கரையே அதிர்ந்தது. பைன் நிழலில் தூங்கியவர்கள் எழுந்து அவருடைய வம்சத்தை விசாரித்தார்கள்.

"இப்ப ஜெனரேற்றர் ஓடுதுதானே, இதிலை குத்தட்டோ?"

"ஐயோ, அது முரட்டுக் கரண்ட். போன் பத்திப்போம். சூரியன்ர கரண்ட்தான் சாந்தம்."

"சூரியனைக் கேட்டா பற்றரிக்கெண்டுறியள். ஜெனரேற்றரைக் கேட்டா முரடெண்டுறியள். பற்றரி பின்னை ஆருக்கு?"

"அவசரத்துக்கு!"

"இது அவசரம் இல்லையோ?"

"அவசரமெண்டா ஆபத்து. இது கலியாணம்."

"பப்பா, பாஸ்தா! போதும்!" என்று சுஜானி கத்தினாள். றோசமலரோ கண்ணீர் முட்டிய கண்ணோடு கைபேசியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, சுடுமணலைக் கடந்து, பைன் நிழலை நோக்கி நடந்தாள்.

அங்கே ஒரு பழைய காருக்குப் பக்கத்தில் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள் சிஞ்ஞோரா நுன்சியா என்ற இத்தாலிய அம்மா. முன்பின் அறியாதவள். றோசமலரின் முகத்தைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள், கேள்வி கேட்காமல் காருக்குள் வயரைக் குத்தினாள். பிறகுதான் யாருக்குக் கலியாணம் என்று கேட்டாள். தம்பிக்கு என்றதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தன் குடும்பம் முழுவதையும் கூப்பிட்டாள். தமிழில் ஒரு சொல் தெரியாத அத்தனை பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றார்கள். சுரேஸ் தாலி கட்டினான். நுன்சியா றோசமலரைக் கட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதாள். "விவா லி ஸ்போஸி!" என்று மணமக்களை வாழ்த்தி எல்லோரும் கைதட்டினார்கள்.

அதே கணத்தில் வண்டி வாசலிலிருந்து ஒரு குரல்:

"நூறு! றோசமலர், நூறு வந்திட்டுது!"

கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்து, ஏர்னஸ்ற் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது, வயரை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கொண்டாரும், இப்ப குத்துவம்."

"வேண்டாம். அவசரத்துக்கு வைச்சிருங்கோ."

மேகம் விலகி வெயில் கொட்டியது. ஆனால் நிரம்பிய பற்றரிக்குள் இனி எந்தச் சூரியன் போகும்? வந்த வெளிச்சம் தகட்டில் நின்றுவிட்டு, இடமில்லாமல் வீணாகிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் அலமாரியில் நல்ல நாளுக்கென்று இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கும் அந்தச் சேலை எத்தனை வீதத்தில் நிற்கிறது? விருந்தாளிக்கென்று கண்ணாடிக்குள் பூட்டிய கோப்பைகளில் உங்கள் பிள்ளை எப்போதாவது தேத்தண்ணீர் குடித்ததுண்டா? "இது அவசரம் இல்லையோ?" என்று உங்களிடம் கேட்டுவிட்டு யாராவது எழுந்து போயிருந்தால், அவர்கள் இப்போது எந்த மர நிழலில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அங்கிருந்து கைதட்டல் கேட்டால், தயவுசெய்து கையை மட்டும் அசைத்துவிடாதீர்கள்.