முத்தலிப் ஓவசியரின் தகுதி

மாமியாரின் குரலுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வீடு வாங்குவதென்று வின்சன்ட் முடிவெடுத்துவிட்டார்.

திருகோணமலைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். வீட்டைக் கொடுத்த மாமியார் எங்கே போவார்? பின்சுவரோடு ஒட்டிச் சாய்கூரை போட்டு ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அங்கேயே இருப்பார். வின்சன்டின் கலியாண வாழ்க்கை முழுவதும் அந்தப் பத்திச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் கழிந்தது. அவர் ஒரு தும்மல் தும்மினால் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "மருமகன் நேற்று இளநீர் குடிச்சவரோ?"

உப்புவெளியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. முன்னால் கடல். பின்னால் பத்தி இல்லை. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக எழுதி எழுதித் தேய்ந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

மனைவி ஞானமலர் அழவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வாங்குங்கோ. ஆனால் விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருக்காப் பார்க்க வேணும்."

"கிண்ணியா முத்தலிப் ஓவசியர் இருக்கிறார். அரசாங்கக் கட்டிட வேலையெல்லாம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர்."

"அவர் வீட்டைப் பார்ப்பார். அவரை ஆர் பார்த்தது?"

"இதென்ன கதை, மலர்?"

"உங்களுக்கு ஆர் என்ன சொன்னாலும் வேதம். தேக்கெண்டு நம்பி ஒரு அலுமாரி வாங்கினியள். கறையான் திண்டு முடிச்சு இப்ப கைப்பிடிதான் மிச்சம்."

அலுமாரி பேச்சில் வந்துவிட்டால் வின்சன்ட் சொன்னதைச் செய்துவிடுவார். சனிக்கிழமை படகேறிக் கிண்ணியாவுக்குப் போனார். ஓவசியர் கட்டுவித்த பள்ளிக்கூடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் நல்லதென்று சொன்ன வீடுகளுக்குள் போய், மழைக்கு ஒழுகுமா என்று விசாரித்தார். கூடாதென்று சொன்ன வீடொன்றையும் தேடிப் பிடித்தார். அது போன மாரியில் விழுந்து கிடந்தது. இடிபாட்டின் மேல் ஓர் ஆடு நின்று அவரையே பார்த்தது.

திரும்பி வந்தவர், சுவருக்கு அப்பாலும் கேட்கட்டுமென்று உரத்துச் சொன்னார்.

"அந்த மனுசன்ர வாயில பிழை வராது! விழுமெண்டு சொன்னால் விழும்!"

"வடிவா விசாரிச்சனீங்களோ?"

"அந்த ஆட்டைத் தவிர எல்லாரையும் விசாரிச்சிட்டன்."

"அப்ப சுவாமியாரிட்டையும் சொல்லிவிடுங்கோ. மாதா கோயில் கூரை பார்க்க ஆள் தேடுறார்."

சுவாமியாரிடம் சொன்னார். கந்தோரிலும் சொன்னார். கேளாதவர்களுக்கும் சொன்னார்.

ஓவசியர் வந்து உப்புவெளி வீட்டைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வீடு, வாங்கலாம்" என்றார். வின்சன்ட் அன்றைக்கே பேச்சை முடித்தார். பிறகு அந்த வெறும் அறைகளில் கொஞ்ச நேரம் தனியே நின்றார். கடலின் சத்தம் உள்ளே வந்து, சுவர்களைத் தடவி, வெளியே போனது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

மாலையில் வீட்டுக்கு வந்தால், ஓவசியர் பத்திச் சுவரைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஞானமலர், தேத்தண்ணீரோடு.

"வந்த மனுசன், இதையும் ஒருக்காப் பார்க்கட்டுமெண்டு கூப்பிட்டனான்."

ஓவசியர் தலையை ஆட்டினார். "தம்பி, வாற மாரிக்கு இது நிக்காது. அம்மாவ இதுக்குள்ள விடாதீங்க."

வின்சன்ட் சுவரைப் பார்த்தார். இத்தனை காலம் அவர் வெறுத்த சுவர். இன்றைக்கு அது மலைபோல உறுதியாகத் தெரிந்தது.

"ஓவசியர் நானா... ஒருவேளை, பிழையாக..."

"மெல்லக் கதையுங்கோ," என்றாள் ஞானமலர் தணிந்த குரலில். "சுவாமியார் உங்கட சொல்லை நம்பி, இவர் சொன்னபடி கோயில் கூரையைப் பிரிச்சிட்டார்."

வின்சன்ட் கதிரையில் உட்கார்ந்தார். பத்திக்குள்ளிருந்து மாமியார் தலையை நீட்டினார்.

"மருமகன், கடல் பக்கத்து அறை யன்னலுக்குச் சீலை தைச்சு முடிச்சிட்டன். மலர் போன கிழமையே அளவு எடுத்துத் தந்தவள்."