ஆஸ்ப்ரே ரிவால்வரை நாங்கள் ஏன் நிறுத்தினோம்

கனெக்டிகட்,
நவம்பர் 1986

மதிப்புக்குரிய ஆர்வில் மச்சானுக்குத் தங்கள் தங்கையின் கணவன் லோவெல் பிட்வெல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஹெஸ்டரும் நலம். ஹெஸ்டரின் முழங்கால் மட்டும் நலமில்லை. ஒஹாயோவில் நீங்களும் உங்கள் பன்றிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவ்வளவு பேர் வாங்கிய ஆஸ்ப்ரே ரிவால்வரை நிறுத்திவிட உங்கள் கம்பெனிக்குப் பைத்தியமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்று பத்திரிகையில் வந்தது பொய் இல்லை. ஒவ்வொன்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து, அரத்தால் ராவி, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, விசை வெண்ணெய் மாதிரி இழுபடும்வரை விடாமல் பொருத்துவார். அதன் விலைக்கு வேறு கடையில் இரண்டு ரிவால்வர் வாங்கி, மிச்சத்தில் குடும்பத்தோடு இறால் சாப்பிடலாம். போலீஸ்காரர்கள் வேறு பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நஷ்டம்தான் என்று கணக்கர் ஃபெல்ப்ஸ் மாதாமாதம் சொல்வார். இது எங்க அப்பா செய்த துப்பாக்கி என்று முதலாளி ஆம்ப்ரோஸ் தாக்ஸ்டர் மாதாமாதம் பதில் சொல்வார். அப்படியே இன்னும் இருபது வருஷம் நஷ்டப்பட்டிருப்போம், போன வசந்தத்தில் விற்ற துப்பாக்கிகள் திரும்பி வர ஆரம்பிக்காமல் இருந்திருந்தால்.

முதலில் வெர்மான்டிலிருந்து ஒரு ஷெரீஃப் அனுப்பினார். தெருநாயை விரட்டத் தரையைப் பார்த்துச் சுட்டாராம். தரையில் ஓட்டை இல்லை. குன்றுக்கு அந்தப் பக்கம் அவர் மாமனார் வீட்டுக் கூரைமேல் காற்றின் திசை காட்டும் தகரச் சேவல் தலையில்லாமல் நின்றதாம். விற்பனைப் பிரிவில் இருந்த நான் அதைப் படித்துச் சிரித்து, ஃபெல்ப்ஸிடமும் காட்டினேன். அடுத்து நியூ ஹாம்ப்ஷயர் சந்தையில் குதிரைப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் அம்மாள் அனுப்பினார். வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நடுவரின் தொப்பி பறந்திருக்கிறது. ஒரு அங்குலம் கீழே என்றால் நடுவரே இல்லை. மூன்றாவது பெட்டியை அனுப்பியவர், தான் அதை ஒருமுறைகூடச் சுடவில்லை என்றும், சுட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது என்றும், பணம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். பணம் வேண்டாம் என்ற இடத்தில்தான் ஃபெல்ப்ஸுக்கு முகம் வெளுத்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, நல்ல வெயில், முதலாளி எங்களைச் சுட்டுப்பார்க்கும் கூடத்துக்கு வரச்சொன்னார். அங்கே பரிசோதகர் நோவிக்கி திரும்பி வந்ததில் ஒன்றை வைஸ் இடுக்கியில் இறுக்கி ஆறு தோட்டாவையும் சுட்டார். ஆறும் ஒரே துளையில் போயின. குறையே இல்லை. பிறகு முதலாளி கையில் எடுத்தார். பிறந்ததிலிருந்து களஞ்சியச் சுவரைக்கூடச் சரியாகச் சுட்டறியாத மனிதர். குறி அட்டையின் நட்டநடுவில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஷெரீஃப் சொன்ன மாதிரி வேறு பக்கம் பார்த்துச் சுடு என்று நோவிக்கியிடம் கொடுத்தார். நோவிக்கி இடதுபுறம் இருந்த மணல்மேட்டைப் பார்த்துச் சுட்டார். மணல் ஒரு துகள்கூட அசையவில்லை. சலித்துப் பார்த்தோம், ஈயமும் இல்லை. பிறகுதான் பின்னால் திரும்பினோம். வாசலில் வருகைநேரம் பதியும் கடிகாரத்தின் முகத்தில் துளை விழுந்து, உள்ளிருந்து பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.

நோவிக்கி தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க ஐயா. காலையில லேட்டுன்னு அது சம்பளத்தைப் பிடிச்சுது. அதைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. இதெல்லாம் தற்செயல் என்று ஃபெல்ப்ஸ் துப்பாக்கியை வாங்கினார். அவரும் மணலைத்தான் பார்த்தார், நான் பக்கத்திலேயே நின்றேன். வெடித்ததும் மாடியில் ஏதோ கண்ணாடி நொறுங்கியது. போய்ப் பார்த்தால், முதலாளியின் அறையில் தொங்கிய அவர் அப்பாவின் பெரிய படத்தில், நெற்றிக்கு நடுவே ஒரு துளை. கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டு சுவரும் ஒரு தளமும் இருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை.

கீழே வந்ததும் முதலாளி மெதுவாகக் கேட்டார். "ஃபெல்ப்ஸ், என்னத்தை நினைச்சுட்டு இருந்தே?"

"செலவைப் பத்தி, ஐயா."

அப்புறம் என்னைப் பார்த்தார். "பிட்வெல், நீ சுடு."

மச்சான், நான் கோழை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். நல்லதாக ஏதாவது நினைப்போம் என்று ஆற்றை நினைத்தேன், பூசணி அடையை நினைத்தேன், உங்கள் பன்றிகளைக்கூட நினைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. இருபத்தாறு வருஷ வேலைக்குப் பிறகு என்னிடமிருந்து பாஸ்டன் விற்பனை வட்டாரத்தைப் பிடுங்கித் தன் மருமகனுக்குக் கொடுத்தாரே முதலாளி, அதுவே வந்து வந்து நின்றது. அவருடைய கோட்டின் மூன்றாவது பொத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. நான் அவரைப் பார்க்கவே இல்லை, மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் தெரிந்தது. விசை தானாகவே இழுபடுகிற மாதிரி இருந்தது. எங்கள் வேலை அவ்வளவு நேர்த்தி.

மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டேன்.

முதலாளி அடுத்தவரைப் பார்த்தார். அவருக்குத் தோள் வலித்தது. அதற்கடுத்தவருக்குக் கண் மங்கல். கூடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கேயோ வலித்தது. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு தோட்டாக்களைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"விலை கட்டுப்படியாகலைன்னு எழுதிடுங்க."

"அது உண்மைதானே, ஐயா," என்றார் ஃபெல்ப்ஸ்.

"அதனாலதான் அதைச் சொல்றோம்."

மறுநாளே ஆஸ்ப்ரே பொருத்தும் மேசைகளை எல்லாம் துணிபோட்டு மூடிவிட்டார்கள். அந்த வாரமே பாஸ்டன் வட்டாரமும் எனக்குத் திரும்பி வந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகையால் சந்தையில் பழைய ஆஸ்ப்ரே ஏதாவது கண்ணில் பட்டாலும் வாங்கவேண்டாம்.

கடவுள் உங்களையும், அண்ணியையும், தொழுவத்தில் உள்ள சகல ஜீவன்களையும் குளிரிலிருந்து காப்பாற்றட்டும்.

அன்புடன்,
லோவெல்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பவேண்டாம். நிறுத்தியது விலையால்தான்; அப்படி எழுதச்சொல்லி ஹெஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். வேலையில் நான் இருபத்தைந்து வருஷம் முடித்தபோது முதலாளி பெயர் பொறித்துக் கொடுத்த ஆஸ்ப்ரேயை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள், உன் அண்ணனுக்கு என்றேன். அதிலிருந்து பேச்சே இல்லாமல் துடைக்கிறாள். இப்போதுதான் வாய் திறந்தாள்: உங்கள் அம்மா அவளுக்கென்று சொல்லிவிட்டுப்போன வெள்ளி சூப் பாத்திரம் இன்னும் உங்கள் சாப்பாட்டு அறையில்தான் இருக்கிறதா என்றும், நீங்கள் அதற்கு எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்றும் கேட்கிறாள்.