ஒருசந்தி இருந்த கோதுமை

மஞ்சளாகியிருக்க வேண்டிய கோதுமை, ஜெனோசன் காலையில் எழும்பிப் பார்த்தபோது, மற்றதைவிடப் பச்சையாக நின்றது.

லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் ஒரே நாளில் விதைத்த நாற்று. முதலாம் தட்டுக்கு நைதரசன் உரம் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டாம் தட்டுக்கு வெறும் தண்ணீர். உரம் கண்டது கரும்பச்சையாக வளரும், காணாதது மஞ்சளாக வாடும். தட்டுக்கு மேலே மேசை விளக்குப்போல குனிந்து நிற்கிற சென்சர் இலையின் நிறத்தைப் பார்த்து, எதற்கு உரம் போதும், எதற்குப் போதாது என்று போனில் சொல்லும். அதையே உழவு இயந்திரத்தில் பூட்டி வயலுக்குள் விட்டால், பசித்த பயிருக்கு மட்டும் உரம் விழும். கண்மூடித்தனமாக அள்ளிக் கொட்டி ஆற்றைக் கெடுக்கத் தேவையில்லை. குரோய்டனில் ஜெனோசன் வேலை செய்கிற சின்னக் கம்பனி இந்தச் சாமானைத்தான் விற்றது.

எசெக்ஸில் கோதுமை போடுகிற கமக்காரர் சிலர் சென்சரைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். கம்பனிக் கந்தோரில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதால், தட்டுகளை வீட்டில் வைத்துப் பார்க்கும்படி மேலதிகாரி ஹெலன் சொல்லிவிட்டாள். அவள் கண்டிப்புக்காரி. "வாடுகிறதே என்று இரக்கப்படக் கூடாது. பசி கிடக்க வேண்டியது பசி கிடக்கத்தான் வேண்டும்" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். இந்தக் காட்சி சரிவந்தால் ஜெனோசனின் வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் பழையபடி ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான். அந்த வேலையின் ஞாபகம் அவனுடைய நடு முதுகில் இன்னும் குடியிருந்தது.

அவன் மறந்த விசயம் ஒன்று உண்டு. தான் கொண்டுவந்து வைத்தது ஒரு தமிழ் வீட்டில். வாசலில் வந்த தபால்காரனையே "சாப்பிட்டாச்சோ" என்று கேட்காமல் விடாத வீட்டில், ஒன்றைப் பட்டினி போடு என்றால் யாருக்குக் கை வரும்?

மாமனார் பஸ்தியாம்பிள்ளை அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மன்னார் மனிதர். மனைவி காலமானபிறகு மகளோடு வந்து இருப்பவர்.

"மாமா, அந்தத் தட்டுக்கு ஏதும் ஊத்தினீங்களோ?"

"சீச்சீ, உரம் கிரம் ஒண்டும் நான் தொடேல்லை."

"வேறை ஏதும்?"

"மீன் கழுவின தண்ணி கொஞ்சம். அதென்ன உரமோ? பக்கத்திலை இருக்கிறது கொழுக்க, இது மட்டும் பாத்துக்கொண்டு நிக்குது. கண்கொண்டு பாக்க ஏலேல்லை தம்பி."

சென்சரின் கண்ணுக்கு அது உரம்தான் என்று ஜெனோசன் பொறுமையாக விளக்கினான். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சென்சருக்குக் கண் இருக்கிறது, இரக்கம் இல்லை என்றார்.

அன்றைக்கே தட்டை மேல்மாடிப் படுக்கையறைக்கு மாற்றி, காவலுக்கு மனைவி மேரிசாந்தியை வைத்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே வேலி பயிருக்குச் சோறு தீத்தியது. அரிசி கழுவின தண்ணீர், பருப்புக் கழுவின தண்ணீர், கடைசியில் முட்டை அவித்த தண்ணீர் என்று மேரிசாந்தி படியேறி ஏறி ஊற்றியிருக்கிறாள். கேட்டால், அப்பா ஊற்றியது கவிச்சித் தண்ணீர், தான் ஊற்றியது சைவம் என்று நியாயம் சொன்னாள்.

போனில் பச்சைக் கோடு ஏறுவதைக் குரோய்டனில் இருந்தே பார்த்துவிட்டு ஹெலன் அழைத்தாள். அறைக்குள் வெளிச்சம் கூடிவிட்டது என்று ஜெனோசன் சமாளித்தான். பங்குனி மாத லண்டனில் வெளிச்சம் கூடிவிட்டது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும். ஹெலன் போனை வைத்தாள்.

இனி அறிவியல் சரிவராது என்று அவனுக்குப் பட்டது. தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. மாமா வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி நோன்பு இருக்கிறவர். அந்த வழியால் போய்ப் பார்த்தான்.

"மாமா, இந்தத் தட்டு ஒருசந்தி இருக்குது. நீங்கள் ஊத்தினால் அதின்ர ஒருசந்தியைக் குழப்புற மாதிரி."

மாமா ஒருகணம் தட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"அப்பிடியெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே தம்பி. நீர் பட்டினி போடுறீர் எண்டெல்லோ நான் நினைச்சன்."

மந்திரம் போட்டதுபோல் வேலை செய்தது. மாமா தட்டைக் கடக்கும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கடந்தார். மகளுக்கும் கட்டளை போட்டார். நாற்று மெல்ல மெல்ல வெளுத்தது. கோடு இறங்கியது. ஜெனோசன் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சனிக்கிழமை முடிவெட்டப் போய், கடைக்காரனுக்கும் அந்தக் கதையைச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் படுக்கையறைக்குள் கோழிக்கூண்டு மணம் அடித்தது. போய்ப் பார்த்தால், றோசாச் செடிக்கு வாங்கி வைத்திருந்த கோழி எரு தட்டின் மேல் தாராளமாகப் பரவிக் கிடந்தது. மேலே ஒரு போத்தல் தண்ணீரும் ஊற்றியாயிற்று.

"மாமா, ஒருசந்தி எண்டு சொன்னனானெல்லே?"

"ஓம். இண்டைக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையிலை ஒருசந்தி இல்லை எண்டு உமக்குத் தெரியாதோ? ஞானஸ்நானம் எடுத்த ஆள்தானே நீர்?"

திருச்சபைச் சட்டத்தோடு யார் வாதாடுவது? ஜெனோசன் எருவை வழித்தெடுத்தான். மண்ணுக்குள் இறங்கிவிட்ட உரத்தைக் கழுவி வெளியேற்ற ஒரே வழி தண்ணீர்தான் என்பதால், தட்டைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, பூந்தூறலில் ஷவரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தான். தினமும் வேலையால் வந்து இதே திருப்பணி. மேரிசாந்தி கதவடியில் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, கோதுமைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்கள்?"

அவள் சிரிப்பு இரண்டு நாள்தான் நீடித்தது. மண் கரைந்து போய்க் குழாய் அடைத்துக்கொண்டது. மாமா குளிக்க வழியில்லாமல் வாளியும் கையுமாகத் திரிந்தார். மேரிசாந்தி அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். பகலில் தட்டு காரின் பின் ஆசனத்தில் இருக்கைப் பட்டி போட்டுப் பூட்டிக் கிடந்தது, வெயிலுக்கு வெயிலும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு. வீட்டில் நிம்மதி போனாலும் நாற்று மஞ்சளாகியது. காமாலைக்காரனின் கண்போல நல்ல அசல் மஞ்சள். ஜெனோசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கமக்காரர் வருவது செவ்வாய்க்கிழமை. தட்டுகளை வியாழனே கொண்டுவரும்படி ஹெலன் சொல்லியிருந்தாள். அன்று காலை கார்க் கதவைத் திறப்பதற்காக மஞ்சள் தட்டை ஒரு நிமிடம் மாமாவின் கையில் கொடுத்தான். மாமா அதைப் பிள்ளையைப்போல் ஏந்தி, குனிந்து ஏதோ முணுமுணுத்தார். செபம்தான் சொன்னேன் என்றார்.

குரோய்டன் கந்தோரில் காவலுக்கு நிற்கிற குருமூர்த்தி அண்ணை தட்டுகளை மேலே தூக்கிவர உதவினார். ஹெலன் மஞ்சள் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மிக நன்றாகச் செய்திருக்கிறீர் என்றாள். அவள் வாயில் இருந்து ஜெனோசன் கேட்ட முதல் பாராட்டு அதுதான். வீட்டுக்குப் போகிற வழியில் மேரிசாந்திக்குப் பூ வாங்கினான், குழாய்க்காரனையும் கூப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை கமக்காரர் வந்தார்கள். சப்பாத்தில் உண்மையான சேறு. வியாழனில் இருந்து காட்சி அறைக்குள் பூட்டிக் கிடந்த இரண்டு தட்டுகளையும் ஹெலன் துணியால் மூடி வைத்திருந்தாள். உரம் கண்ட பயிர், உரம் காணாத பயிர், கண்ணால் பாருங்கள் என்று சொல்லித் துணியை இழுத்தாள்.

இரண்டும் பச்சை. சென்சர் இரண்டுக்கும் உரம் போதும் என்றது.

"பட்டினி இதுக்கு நல்லா ஒத்துப்போயிருக்கிறது" என்றார் ஒரு கமக்காரர். மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

ஹெலனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எல்லாரும் ஜெனோசனைப் பார்த்தார்கள். அவனுக்குக் காரின் பக்கத்தில் குனிந்து நின்ற மாமா கண்முன்னால் வந்தார். அது செபமாவது மண்ணாவது, மடிக்குள் இருந்து எதையோ எடுத்து ஊற்றியிருக்கிறார். மறைக்க இனி எதுவும் இல்லை என்று, மீன் தண்ணீரில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைக் கோழி எருவரைக்கும் சபையில் ஒப்புக்கொண்டான். வியாழன் காலையும் தன் மாமனார்தான் ஊற்றியிருப்பார், பிழை தன்னுடையது என்றான்.

கமக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஹெலன் மட்டும் சிரிக்கவில்லை.

"பயிரைக் கண்டு இரக்கப்படுகிறவர்களுக்கு இந்தக் கம்பனியில் இடமில்லை. நாலு மணிக்கு என் அறைக்கு வாரும்" என்றாள். சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று அவன் நினைத்தான்.

கீழே வாசலில் வந்து நின்று மாமாவுக்குப் போன் எடுத்தான். இப்போது சந்தோசமோ என்று கேட்டான். வியாழக்கிழமை தான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்று மாமா மாதாமேல் சத்தியம் பண்ணினார். ஜெனோசன் நம்பாமல் போனை வைத்தான். முதுகு அப்போதே நோகத் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற குருமூர்த்தி அண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாவம் தம்பி உம்மட மாமா. வியாழக்கிழமை நீர் போனாப்பிறகு, உந்த ஹெலன் மிஸ்தான் மஞ்சள் தட்டுக்கு முன்னாலை நிண்டு மூக்கை உறிஞ்சிப்போட்டு உரம் ஊத்தினவ. 'ஒரு மூடிதான், சென்சருக்கு விளங்காது, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை' எண்டு எனக்கும் சொன்னவ."